லெஃப்ட் பேக்கை உட்கார வைத்த அண்ணி

அந்த ரொட்டித் தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவள் அண்ணி. அவளைவிட வயதில் மூத்த அடுப்புக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். அவள் கணவன் அங்கே வேன் ஓட்டினான். தொழிற்சாலையின் கால்பந்து அணியில் பல வருஷமாக லெஃப்ட் பேக்; இடப்பக்கம் பின்னால் நின்று தடுப்பவன். அவன் எல்லோருக்கும் அண்ணன் ஆனதால் இவள் அண்ணி ஆகிவிட்டாள். ஆனால் எந்த வேன் எந்தக் கடைக்கு, எப்போது என்று முடிவு செய்து அனுப்புவது அவள் வேலை. அண்ணனே வண்டியைக் கிளப்ப அண்ணி கை காட்ட வேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் பேச்சு கால்பந்துதான். அப்போது ஊர் அணியின் மேனேஜர் எல்லோர் வாயிலும் விழுந்து புரண்டுகொண்டிருந்தார். 'மொட்டை' என்பது இவர்களே வைத்த பெயர். ஊரே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய லெஃப்ட் பேக் ‘தங்கக்கால்’; அவனை வெளியே உட்கார வைத்துவிட்டு, பெயர் தெரியாத ஒருவனை ஆட விட்டுக்கொண்டிருந்தார்.

"தங்கக்கால உட்கார வச்சிட்டு அந்த மரக்கட்டைய இறக்கறாரே! மொட்டைக்கு மண்டைக்கு மேலதான் ஒண்ணுமில்லன்னு நினைச்சேன். உள்ளயும் காலிதான் போல," என்றான் மெக்கானிக். வேன்களைப் பழுது பார்ப்பவன் அவன். தொழிற்சாலை அணிக்குக் கேப்டனும் அவனே.

"தங்கக்கால் மேல ஏறிப் போனான்னா, திரும்பி வர்றதுக்குள்ள எதிராளி கோலும் போட்டு, கட்டிப்பிடிச்சுக் கொண்டாடியும் முடிச்சிடறான்," என்றாள் அண்ணி. "இந்தப் பையன் நின்ன இடத்துல நிக்கறான். அதனால ரைட் பேக் தைரியமா முன்னாடி போறான். ஒருத்தனை அவிழ்த்து விட்டு ஒருத்தனைக் கட்டிப் போட்டிருக்கார் மொட்டை. எல்லாம் யோசிச்சுத்தான் செய்யறார்."

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. தங்கக்கால் என்றால் அவனுக்கு உயிர். "லெஃப்ட் பேக் மேல ஏறலன்னா அது என்ன ஆட்டம்? கொல்லைக் கதவுக்குக் காவலா?"

"காவல்தாங்க. பேக்னுதானே பேரே வச்சிருக்கு?"

கேன்டீன் சிரித்தது. அண்ணனும் சிரித்தான்.

அந்த வாரம், தொழிற்சாலை அணியை நடத்திவந்த ஸ்டோர்கீப்பருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பெயிண்ட் கம்பெனியோடு ஆட்டம். மெக்கானிக் அண்ணியை வம்புக்கு இழுத்தான். "வாய்ப்பேச்சு யாரும் பேசலாம் அண்ணி. நீங்களே அணியை நடத்திக் காட்டுங்களேன்?"

அண்ணி தட்டை ஓரமாகத் தள்ளினாள். "நடத்தறேன். ஆனா யார் ஆடணும்னு நான்தான் சொல்வேன். அப்புறம் யாரும் மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கக் கூடாது."

"யார் தூக்கப் போறா?" என்று முதலில் குரல் கொடுத்தது அண்ணன்தான். பெண்டாட்டி மேனேஜர் என்றால் தன் இடத்தை யார் அசைக்க முடியும் என்ற நினைப்பு.

மாலைப் பயிற்சிகளை அண்ணி கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தாள். அவள் கண்ணுக்குத் தெரிந்தது புதிதல்ல; இத்தனை நாள் பார்க்காத மாதிரி இருந்தாள், அவ்வளவுதான். அண்ணன் இன்னமும் ஆசையாகத்தான் முன்னால் ஓடினான். திரும்பி வரும்போது கால் பின்தங்கியது. பெயிண்ட் கம்பெனியில் 'ஊசி' என்று கோட்டோரமாகப் பாய்ந்து வருகிற ஒரு விங்கர் இருந்தான். போன முறை அண்ணன் விட்டுப்போன இடத்தில் புகுந்து எல்லோர் கண்ணிலும் விரலை விட்டு ஆட்டியவன் அவன்.

ஊரறியச் சொல்வதற்கு முன்னால் வீட்டில் சொல்வதுதான் முறை என்று அவளுக்குப் பட்டது. சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு நீங்க முதல்ல இறங்கல. அடுப்புக்காரர்தான் லெஃப்ட் பேக்."

துணி பிடித்த கை நின்றது. "அடுப்புக்காரரா? அவர் ஓடறாரா நடக்கறாரான்னு கிட்டப் போய்ப் பார்த்தாதான் தெரியும்!"

"ஓட வேண்டாம். நின்னாப் போதும். ஊசியை உள்ள விடாம நிப்பார். நீங்க நிக்க மாட்டீங்க."

"ஊரு சிரிக்கும்டீ. கட்டின பொண்டாட்டியே உட்கார வச்சிட்டான்னு."

"புருஷங்கிறதுக்காக ஆட விட்டாலும் சிரிக்கத்தான் போறாங்க. எந்தச் சிரிப்பு வேணும்?"

அவன் அம்மாவைத் துணைக்கு அழைத்தான். "அம்மா, கேட்டியா இவ பேசறத?"

மாமியார் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவ சொல்றது சரிதான்டா. சின்ன வயசுல உன்னைக் கடைக்கு அனுப்பினாலும் திரும்பி வரமாட்டியே. நான்தான் தேடிக்கிட்டு அலைவேன்."

அண்ணிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள். அவன் முகம் கறுத்திருந்தது. பூட்ஸை மட்டும் கடைசிவரை துடைத்துத்தான் வைத்தான். ஆடினாலும் ஆடாவிட்டாலும் மைதானத்துக்கு வருவான் என்று அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் மைதானத்தில் அண்ணன் மாற்று ஆட்டக்காரர்களோடு வெளியே உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததுமே முணுமுணுப்பு தொடங்கியது. அடுப்புக்காரர் தன் இடத்தைவிட்டு அசையவில்லை. ஊசி இடப்பக்கம் போக்குக் காட்டினான், வலப்பக்கம் காட்டினான். அடுப்புக்காரர் எதற்கும் மயங்காமல் குறுக்கே நின்றார். ஆனால் ஒரு கார்னர் பந்தில் யாரும் கவனிக்காமல் விட்ட பெயிண்ட் கம்பெனி ஆள் ஒருவன் தலையால் முட்டி கோல் போட்டுவிட்டான்.

அவ்வளவுதான். "அண்ணனை இறக்கு! அண்ணனை இறக்கு!" என்று வேன் டிரைவர்கள் கத்த ஆரம்பித்தார்கள்.

அண்ணி திரும்பிப் பார்த்தாள். "கார்னர்ல வாங்கின கோலுக்கு லெஃப்ட் பேக் என்னப்பா பண்ணுவார்? கண்ணைத் திறந்து வச்சிக்கிட்டு கத்துங்க!" மறுபடி ஆட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டாம் பாதியில் அவள் நினைத்தது நடந்தது. இடப்பக்கம் பத்திரமாக இருக்கிற தைரியத்தில் ரைட் பேக் கோட்டோரமாகவே முன்னேறி பந்தை உள்ளே தூக்கிப் போட்டான். மெக்கானிக் காலை நீட்டினான். கோல்! கத்திக்கொண்டிருந்தவர்கள் அந்த வாயாலேயே அண்ணியை வாழ்த்தினார்கள்.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தபோது அடுப்புக்காரருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. தரையில் உட்கார்ந்து கையைத் தூக்கினார். வேறு லெஃப்ட் பேக் இல்லை. அண்ணி கணவனைப் பார்த்தாள்.

"நடுக்கோட்டைத் தாண்டாதீங்க."

அவன் உள்ளே ஓடினான். முதலில் சொன்ன பேச்சைக் கேட்டான். பந்து வந்தது, உதைத்துவிட்டு நின்றான். மறுபடி வந்தது, மறுபடி நின்றான். அடுத்த முறை எதிரே வெட்டவெளியாக இடம் கிடந்தது. கால் சும்மா இருக்குமா? கிளம்பிவிட்டான்.

"எங்க போறீங்க!" என்று அண்ணி போட்ட சத்தம் மைதானத்தின் அந்தக் கோடிவரை கேட்டது.

பந்து பறிபோனது. ஊசி பாய்ந்தான். அண்ணன் திரும்பினான். அப்படி ஓர் ஓட்டத்தை அவனிடம் யாரும் பார்த்ததில்லை. ஊசி கோலைப் பார்த்து உதைக்கிற நேரத்தில் அண்ணன் சறுக்கி விழுந்து காலைக் கொடுத்தான். பந்து அவன் கணுக்காலில் பட்டு வெளியே போனது. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமனில் முடிந்தது.

வீட்டில் வீங்கிய கணுக்காலுக்கு அவள் ஐஸ் வைத்தாள்.

"தாண்டாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"நான் போனதாலதானே திரும்பி வர முடிஞ்சுது?" என்றான் அவன், நியாயம் பேசுகிற முகத்தோடு.

அவளுக்கு இந்த முறை அடக்க முடியவில்லை. சிரித்து ஓய்ந்ததும் சொன்னாள்: "அடுத்த ஆட்டத்துலயும் அடுப்புக்காரர்தான் லெஃப்ட் பேக். நீங்க அவருக்கு முன்னாடி, லெஃப்ட் விங்ல ஆடுங்க. மேல ஏறிக்கிட்டே இருக்கலாம். யாரும் கேட்க மாட்டாங்க."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "இதை நீ எப்ப முடிவு பண்ணின?"

"நீங்க கோட்டைத் தாண்டினப்ப."

கணுக்கால் ஆறியதும் அண்ணன் விங்கில் இறங்கினான். அந்த வருஷம் தொழிற்சாலைகளுக்கான போட்டியில் அணி மூன்றாவது இடத்தில் முடிந்தது. அதற்கு முன்னால் அவ்வளவு மேலே வந்ததே இல்லை. அடுத்த வருஷத்துக்கு யார் மேனேஜர் என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. ஆனால் வேகமான ஒரு லெஃப்ட் பேக்கைப் போட்டிருந்தால் முதலிடமே வந்திருக்கும் என்று மெக்கானிக் கேன்டீனில் சொல்லிக்கொண்டுதான் திரிகிறான். அண்ணி அவனுக்குப் பதில் சொல்லாமல் விட்டதே கிடையாது.