வராதவர்கள் மட்டும்

அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறைக்காரருக்கு ஒரு வேலையை இரண்டு தடவை செய்வதென்றால் வேப்பங்காய். ஐந்து வருடத்துக்கு முன்னால், ஒப்பந்த ஆட்களின் வருகைப் பதிவை நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றச் சொன்னபோதும் அந்தப் புத்திதான் வேலை செய்தது. முந்நூறு பேரில் இருநூற்றெண்பது பேர் தினமும் வந்துவிடுகிறார்கள். வந்தவர்களுக்கெல்லாம் ஒரு வரி எதற்கு? வராதவர்களை ஏற்றினால் போதாதா? பேர், தேதி, காரணம் என்று மூன்றே கட்டத்தில் அட்டவணையை, அவர் பாஷையில் டேபிளை, முடித்துவிட்டார். பேர் இல்லையென்றால் வந்துவிட்டார் என்று அர்த்தம்.

மேலாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. "இந்தக் குப்பையெல்லாம் இனி எதுக்கு சார்?" என்று பழைய நோட்டுகளையும் எடைக்குப் போடவைத்தார். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

அவருடைய அக்கா அங்கேயே துணி துவைக்கும் பிரிவில் பல வருடமாக ஒப்பந்த ஆளாக இருந்தாள். ஈரப் படுக்கை விரிப்புகளை மெஷினிலிருந்து இழுத்து இழுத்து வலது தோள் இறங்கிப் போயிருந்தது. காய்ச்சலென்றால் மாத்திரையை விழுங்கிவிட்டு வருவாள். மகளுக்கு மேல்மாடியில் பிரசவமான அன்றுகூட, ஷிஃப்ட் முடிந்த பிறகுதான் படியேறிப் பேரனைப் பார்த்தாள். லீவு என்பது அவளுக்குக் கெட்ட வார்த்தை.

இந்த வருடம் ஓர் அறிவிப்பு வந்தது. நான்கு வருடம் வேலை செய்ததற்குத் தேதிவாரியாகப் பதிவு இருந்தால் நிரந்தரம். நிரந்தரமானால் குடும்பத்துக்கு அங்கேயே இலவச சிகிச்சை. அக்கா வீட்டுக்காரர் முதுகெலும்பு ஆபரேஷனுக்காக இரண்டு வருடமாகக் கட்டிலில் கிடந்தார். "உங்க மாமா எழுந்து நடந்துடுவாருடா தம்பி," என்று அக்கா முகமெல்லாம் பல்லாகச் சொன்னாள்.

பணியாளர் பிரிவு அம்மாள் அவரைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"உங்க அக்கா பேர்ல ஒரு வரிகூட இல்லையே சார்."

"லீவே போடலம்மா. அதான் இல்ல."

"வேலையிலயே இல்லாதவங்களுக்கும் இப்படித்தானே இருக்கும்? நான் எதைப் பாத்து நம்பறது?"

வேலையில் இருப்பவர்களின் பட்டியலை, ஒப்பந்த ஆட்களைத் தரும் ஏஜென்சி மாதாமாதம் அனுப்பும். புதியது ஏறியதும் பழையது அழிந்துவிடும். அப்படி அமைத்ததும் அவர்தான். அந்த ஏஜென்சியும் சம்பளக் கணக்குகளோடு போன மாதம் கடையைக் கட்டிவிட்டது. இப்போது பழைய தேதி போட்டு வரிகளை ஏற்றலாமென்றால், எதை எப்போது ஏற்றினார்கள் என்பதை டேபிள் தானாகவே குறித்துக்கொள்ளும். யாரும் தில்லுமுல்லு செய்யக் கூடாதென்று அதையும் கெட்டிக்காரர் பார்த்துப் பார்த்து வைத்திருந்தார்.

"தினமும் என் ஸ்கூட்டர்லதாம்மா வந்தா. நான் சாட்சி சொல்றேன்."

"கூடப் பொறந்தவர் சாட்சியை ஒத்துக்க மாட்டாங்க சார். வேற யார் சொன்னாலும் வாய் வார்த்தை செல்லாதாம், பதிவுதான் வேணுமாம்," என்றாள் அந்த அம்மாள். பாவம், அவளுக்கும் வருத்தம்தான்.

மாதம் நாலு நாள் மட்டம் போடும் பக்கத்து மெஷின்காரிக்கு நான்கு வருடமும் வரிசையாக வரிகள் இருந்தன. அவள் நிரந்தரமாகிவிட்டாள். அக்கா புது ஆள், அவளுடைய வேலைக்காலம் இன்றிலிருந்துதான் எண்ணப்படும் என எழுதி ஒட்டினார்கள்.

சாயங்காலம் ஸ்கூட்டர் ஸ்டாண்டில் வைத்து எல்லாவற்றையும் சொன்னார். அக்கா திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"வருஷத்துக்கு ஒரு நாள் நான் வராம இருந்திருந்தா, பேரு இருந்திருக்குமா?"

"இருந்திருக்கும்க்கா."

அக்கா தலையை ஆட்டினாள். ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவர் வாசலில் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்தார். கதவு திறக்கவில்லை. ஒன்பதரைக்குத் துணிப் பிரிவு மேற்பார்வையாளர் போன் செய்தார். "சார், உங்க அக்கா வரலை. ஏத்திடுங்க."

அவர் அக்காவின் பேரை அடித்தார். தேதியை அடித்தார். காரணம் என்ற கட்டத்தில் மட்டும் என்ன எழுதுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.