டியூஷனுக்குப் போன அம்மா

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது நான் சில மாதங்கள் டியூஷனுக்குப் போனேன். அந்த டியூஷனில் டீச்சர் கிடையாது, பாடம் கிடையாது, என்னைத் தவிர வேறு பிள்ளைகளும் கிடையாது. அதற்கப்புறம் பெரிய பெரிய காலேஜிலெல்லாம் படித்துவிட்டேன். ஆனாலும் நான் நன்றியோடு நினைக்கிற படிப்பு அது ஒன்றுதான்.

கீரனூரிலிருந்து உள்ளே வருகிற டவுன் பஸ் கடைசியாகத் திரும்பும் இடம் எங்கள் ஊர். அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். அந்த வருஷம் எனக்கு ஒரு தம்பி பிறந்தான். பதினோரு நாள் இருந்தான். அப்பா லீவு போட்டு வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போனார். அதன்பிறகு அம்மா சமைப்பாள், பாத்திரம் கழுவுவாள், எனக்குத் தலை வாரிவிடுவாள். மீதி நேரமெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். தன் தலையை வாரிக்கொள்ள மாட்டாள். நான் என்ன பேசினாலும் "ம்" என்பாள். வீட்டில் சிரிக்கக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானாகவே விட்டுவிட்டேன்.

எதிர்வீட்டில் அத்தை இருந்தாள். அப்பாவின் தங்கை, உள்ளூரிலேயே வாக்கப்பட்டவள். ஒரு நாள் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள், நானும் கூடப் போனேன். நர்ஸம்மா மாத்திரையைக் கொடுத்துவிட்டு அத்தையைத் தனியே அழைத்தார். "மாத்திரை பாதிதாங்க. சாயந்தரமானா வெளிய கூட்டிக்கிட்டுப் போங்க. நாலு பேரோட பேசட்டும், நடக்கட்டும். இப்படியே படுத்துக் கெடந்தா ஆளு தேறாதுங்க." அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். அன்று முதல் பள்ளிக்கூடம் விட்டதும் ஓட்டமாக வீட்டுக்கு வந்து, அம்மாவுக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பையை இறக்குவேன்.

நர்ஸம்மா சுலபமாகச் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் ஒரு பெண் சும்மா நடந்துவிட முடியுமா? தெருவில் இறங்கினால் எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும் "எங்கிட்டு?" என்று கேட்பார். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, கேட்காமல் போனால்தான் மரியாதைக் குறைவு. ஆனால் பதில் இருக்க வேண்டும். கடைக்கு, ரேஷனுக்கு, வயலுக்கு, வைத்தியத்துக்கு. "சும்மா காத்தாட" என்று ஒரு பெண் சொன்னால் கேட்டவர் அங்கேயே நின்றுவிடுவார். அதுவும் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்காரி காற்று வாங்கப் போனால் ஊர் ஒரு மாதத்துக்குப் பேசும்.

அத்தை இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் என் பள்ளிக்கூடப் பையைத் திரும்பவும் என் தோளில் மாட்டினாள். "அண்ணி, இவ கணக்குல வீக்கு. கொளத்துக்கு அங்கிட்டு ஒரு டீச்சரு டியூஷன் எடுக்குது. கொண்டுபோயி விட்டுட்டு இருந்து கூட்டியாறோம். யாரு கேட்டாலும் இதத்தான் சொல்லணும்" என்றாள். அம்மா சுவரைப் பார்த்தபடியே "ம்" என்றாள். அத்தைக்கு அது போதும். கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்திவிட்டாள்.

தனக்கும் ஒரு காரணம் வேண்டுமே என்று அத்தை கையில் ஒரு தூக்குவாளியை எடுத்துக்கொண்டாள். பால் வாங்கப் போகிறாளாம், இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறவள்! டீக்கடைக்காரர் விடுவாரா? "ஒங்க மாடு என்னாச்சுங்க?" என்றார். "வத்திருச்சுங்க" என்றாள் அத்தை, கண்ணைச் சிமிட்டாமல். மறுநாள் காலையில் பால் சொசைட்டியில் அவள் வழக்கம்போல இரண்டு வாளிப் பாலை ஊற்றிக்கொண்டிருந்தபோது அதே டீக்கடைக்காரர் பின்னால் வரிசையில் நின்றார். அன்றோடு தூக்குவாளியை வீட்டில் வைத்துவிட்டாள்.

குளத்துக்கரை மேல் பதினைந்து நிமிஷம் நடந்தால் அந்தப் பக்கத்துக் குடியிருப்பின் பள்ளிக்கூடம் வரும். மாலையில் அங்கே ஒரு ஈ காக்காய் இருக்காது. நான் படிக்கட்டில் புத்தகத்தை விரித்துக்கொள்வேன். மரத்தடியில் அத்தை பேசுவாள், அம்மா புல்லைப் பிடுங்குவாள். ஒரு வாரம் இப்படியே போனது. தண்ணீர்க் குடத்தோடு போன பெண்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவர்களும் உட்கார ஆரம்பித்தார்கள்.

ஒரு நாள் மைதானத்தில் ஒரு ரிங் கிடந்தது. பிள்ளைகள் ரிங் பால் ஆடிவிட்டு எடுத்துவைக்க மறந்துபோன ரப்பர் வளையம். அதை எடுத்து அத்தையைப் பார்த்து வீசினேன். குறி தப்பி அம்மாவின் தலைக்கு மேலே போனது. அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கையை உயர்த்தி அதைப் பிடித்தாள். பிறகு எழுந்தாள். உடம்பை லேசாகச் சாய்த்துத் திருப்பி வீசினாள் பாருங்கள், அத்தை கையை நீட்டிக்கொண்டு நிற்க, அது வேறு பக்கமாக வளைந்துபோய் விழுந்தது. "நான் ஜோனல் மேட்ச் வரைக்கும் போனவளாக்கும்" என்றாள் அம்மா. தம்பி போன பிறகு அவள் தானாகப் பேசிய முதல் பேச்சு அதுதான். அத்தை அழுதுகொண்டே ரிங்கைப் பொறுக்கப் போனாள்.

மறுநாள் கொடிக்கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே மாட்டுக்கயிறு ஏறியது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர். அம்மா செருப்பைக் கழற்றி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்பாள். அத்தை எப்போதும் ரிங்கை இரண்டு கையாலும் பிடிப்பாள், ஆட்டத்தில் அது தப்பு. "ஒத்தக் கை! ஒத்தக் கை!" என்று அம்மா கத்துவாள். கத்துகிற அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும். கணக்கு நோட்டை நான் தொடுவதே இல்லை.

அதற்கான கூலி காலாண்டுப் பரீட்சையில் வந்தது. நூற்றுக்கு முப்பத்தெட்டு.

இந்த இடத்தில் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் அண்ணன், அடுத்த வீடு. அப்பா ஊரில் இல்லாததால் எங்களுக்கு அவர்தான் எல்லாம். மூத்தார் முன்னால் தம்பி பெண்டாட்டி உட்காரக் கூடாது, நேராகப் பேசக் கூடாது, அவர் காதில் விழும்படி சிரிக்கவும் கூடாது. அவர் வாசலில் செருமினால் அம்மா கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். பேச்சு முழுக்க என் வழியாகத்தான். "அரிசி இருக்கான்னு கேளு" என்பார். "இருக்குன்னு சொல்லு" என்பாள் மூன்றடி தள்ளி நிற்கிற அம்மா. நான் சொன்ன பிறகுதான் காதில் விழுந்த மாதிரி தலையாட்டுவார்.

மார்க் கொடுத்த அன்று பள்ளிக்கூடம் விட நேரமாகிவிட்டது. அம்மாவும் அத்தையும் முன்னால் போய்விட்டிருந்தார்கள். அதற்குள் ஊர் அவர்களிடம் "எங்கிட்டு?" என்று கேட்பதையே விட்டிருந்தது. வீட்டு வாசலில் பெரியப்பா டிவிஎஸ்ஸோடு நின்றார். ரேங்க் கார்டை வாங்கிப் பார்த்தார்.

"டியூஷன் போயுமா முப்பத்தெட்டு? ஏறு. அந்த டீச்சர நான் ரெண்டு கேள்வி கேக்கணும்."

வண்டி குளத்துக்கரை மேல் ஏறியது. டீச்சர் இல்லை என்று தெரிந்தால் டியூஷன் நின்றுவிடும். டியூஷன் நின்றால் அம்மா திரும்பவும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். ஆளு தேறாது. "டீச்சருக்குக் காய்ச்சல் பெரியப்பா" என்றேன். அவர் திரும்பவில்லை. "ஊருக்குப் போயிருச்சு பெரியப்பா" என்றேன். "காய்ச்சலோடவா?" என்றார்.

பள்ளிக்கூடச் சுவரை நெருங்கும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது. பெரியப்பா வண்டியை நிறுத்தினார். சுவர் அவருக்கு நெஞ்சளவு, எனக்குத் தலைக்கு மேல். நான் வண்டியின் மேல் ஏறி நின்று பார்த்தேன். அம்மா ஒரு எட்டு எட்டிக் குதித்து, ரிங்கை அந்தரத்தில் பிடித்து, கயிற்றுக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெரியப்பா பார்த்துக்கொண்டு நின்றார். கெட்டது குடி என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அவர் என்னை இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பினார். ஸ்டார்ட் செய்யவில்லை. கரை மேட்டில் மூச்சு வாங்க வாங்க மடை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார்.

"பெட்ரோல் தீந்துபோச்சா பெரியப்பா?"

"ம்."

மடைக்குப் போனதும் ஒரே மிதியில் வண்டி ஸ்டார்ட் ஆனது. எனக்கு அது பெரிய ஆச்சரியம். "நீ ஓடு. நா வந்தேன்னு ஒங்கம்மாகிட்ட மூச்சு விடக் கூடாது. விட்டே, தோல உரிச்சுப்புடுவேன். நாளைக்கு வெள்ளன கணக்கு நோட்ட எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வா" என்றார். டீச்சர் இல்லாத டியூஷனைத் தேடி வந்து ஏமாந்துபோன வெட்கம் என்று நான் முடிவு கட்டினேன். பெரியவர்களையும் ஏமாற்றலாம் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு.

மறுநாளிலிருந்து அவரே எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அரையாண்டில் எண்பத்தொன்று. "டியூஷன் எப்படிங்க?" என்று டீக்கடையில் கேட்டவர்களிடம், "டீச்சரு நல்லாத்தான் சொல்லிக்குடுக்குது" என்றாராம். பெரியப்பா சொன்னால் எங்கள் ஊரில் மறுபேச்சு கிடையாது. அடுத்த வாரம் நாலு அம்மாக்கள் பிள்ளைகளோடு குளத்துக்கரையில் நடந்து வந்தார்கள், அதற்கடுத்த வாரம் ஒன்பது பேர். இல்லாத டீச்சருக்கு எங்கே போவது? அந்தக் குடியிருப்பில் பிளஸ் டூ முடித்துவிட்டு இருந்த ஒரு அக்காவை அத்தை கெஞ்சிக் கூத்தாடிப் பிடித்துக்கொண்டு வந்தாள். படிக்கட்டில் வாய்ப்பாடு, மைதானத்தில் ரிங் பால். பஞ்சாயத்தில் விளக்கு போட்டுக் கொடுத்தார்கள். இன்றைக்கும் சாயங்காலமானால் அங்கே பெண்கள் ஆடுகிறார்கள். அவர்களை யாரும் எங்கே போகிறீர்கள் என்று கேட்பதில்லை. என் அம்மா எனக்குத் திரும்பக் கிடைத்த இடம் அது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் கை தானாகக் குவியும்.

பெரியப்பா அன்று ஒரு வார்த்தை அதட்டியிருந்தால் போதும், அதட்டக்கூட வேண்டாம், சுவருக்கு அந்தப் பக்கம் அவர் நிற்கிறார் என்று தெரிந்தாலே அம்மா ரிங்கைக் கீழே போட்டிருப்பாள். திரும்ப எடுத்திருக்க மாட்டாள். இது எனக்கு விளங்க, எனக்குக் கல்யாணமாகி எனக்கென்று ஒரு மூத்தார் வர வேண்டியிருந்தது.

அந்த வருஷம் பொங்கலுக்குப் பெண்களுக்கான ரிங் பால் போட்டி வைத்தார்கள். ஊரே திரண்டு வந்தது. அம்மா ஜெயித்தாள், எவர்சில்வர் குடம் பரிசு. பெரியப்பா மட்டும் வரவில்லை. "வயல்ல வேல கெடக்கு" என்று சொல்லி அனுப்பினார், மாட்டுப் பொங்கலன்றைக்கு. "பொம்பளைக வெளையாடுறது அவருக்குப் புடிக்காது" என்றாள் அம்மா. இப்போதும் அதைத்தான் சொல்கிறாள், நானும் வாயைத் திறப்பதில்லை.

குடத்தைத் தூக்கிக்கொண்டு முதலில் பெரியப்பா வீட்டுக்குத்தான் ஓடினேன். வயலில் வேலை இருப்பதாகச் சொன்னவர் கட்டிலில் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். "கெலிச்சாளா?" என்றார். கடைசி ஆட்டம் எத்தனைக்கு எத்தனை என்று கேட்டார். பின்தங்கி இருந்தாளா, எப்படி எட்டிப் பிடித்தாள், எந்தப் பக்கம் வீசினாள், ஜனங்கள் கை தட்டினார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் சொல்லி முடித்ததும், "இன்னொருக்கா சொல்லு" என்றார். இவ்வளவு ஆசை இருக்கிற மனுஷனுக்குப் பதினைந்து நிமிஷம் நடந்து வந்து பார்க்க என்ன சோம்பேறித்தனம் என்று எனக்கு அன்றைக்குக் கோபம் கோபமாக வந்தது.