பல்லால கேட்ட சவுரிராயன்

சவுரிராயனுக்குக் காது கேக்காதுன்னு திண்டிவனத்துல ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அது அவன் பொண்டாட்டி ஜெயம். அவ திட்ட ஆரம்பிச்சா மூஞ்சியத் திருப்பிக்குவான். அதோட சண்ட முடிஞ்சிடும்.

விழுப்புரம் ரயில் ஷெட்டுல பதினோரு வருசம் பாய்லருக்குள்ள உக்காந்து சம்மட்டி அடிச்சவன். அடிச்ச அடியில காது கொஞ்சம் கொஞ்சமா போயிடுச்சு. வேலைய விட்டுட்டு வந்து, பாண்டிச்சேரி ரோட்டுல தகரக் கொட்டாய் போட்டு, கார் ரிப்பேருக்கு உக்காந்தான். எதிர்ல நிக்கிறவன் ஒதட்டப் பாத்தே பேச்சப் புடிச்சிக்குவான். புரியலைன்னா ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டு. ஏழு வருசம் அதுலயே ஓடிடுச்சு. காது கேக்காதவன்னு தெரிஞ்சா எவன் வண்டிய விடுவான்?

அப்பத்தான் யுத்தம் வந்து பேஜாராச்சு. மல்லாட்டை மண்டி வச்சி வேர்க்கடலை யாவாரம் பண்ற வேங்கடேசன் கிட்ட ஒரு பழைய கார். பட்டை ஸ்பிரிங்க வண்டிச் சட்டத்தோட கோக்குற எடத்துல இருக்கிற புஷ்ஷுன்ற குழா வளையமெல்லாம் தேஞ்சு போச்சு. கப்பல்ல சாமான் வரல. மெட்ராசெல்லாம் அலஞ்சி, வேற எதோ காருக்குச் செஞ்ச புஷ்ஷ வாங்கிக்கினு வந்தாரு. மாட்டிப் பாத்தா, அப்பன் சட்டையப் புள்ளைக்குப் போட்ட மாரி தொளதொளன்னு நிக்குது. சவுரிராயன் தகரத்தச் சுத்தி இறுக்கிக் குடுத்தான். ரெண்டே நாள்ல வண்டி திரும்பி வந்துச்சு.

"இன்னாடா சவுரி, முன்னாடி எடது பக்கம் லொடக்கு லொடக்குங்குது!"ன்னாரு வேங்கடேசன்.

டிரைவர் கண்ணையன் விடுவானா? "லொடக்கு இல்ல மேஸ்திரி. கிடுகிடுகிடுன்னு, மார்கழி மாசத்துல கெழவன் பல்லு அடிச்சிக்கிற மாரி. ஆனா எடது பக்கந்தான்."

சவுரிராயன் ரெண்டு ஒதட்டையும் மாறி மாறிப் பாத்தான். தலைய ஆட்டினான். எடது பக்கத்தப் பிரிச்சா, இங்க ஒண்ணும் ஆடலியேன்னு கை சொல்லுது. ஆனா காது இருக்கிற ரெண்டு பேரு சொல்றப்ப, இவன் எந்தத் தைரியத்துல இல்லன்னு சொல்லுவான்? இன்னொரு சுத்து தகரத்த வச்சி அனுப்பினான். வண்டி மறுபடியும் வந்துச்சு.

இந்தத் தரம் வேங்கடேசன் வண்டிய விட்டே எறங்கல. "இன்னிக்கும் சத்தம் வந்துச்சின்னா காரும் விழுப்புரம் ஒர்க்‌ஷாப்புக்குப் போவுது, என் ரெண்டு லாரியும் போவுது. நீ மண்டில வந்து மூட்டை தூக்கு."

அந்த மூணு வண்டிய விட்டா சவுரிராயனுக்கு வேற பொழப்பில்ல.

அவன்கிட்ட ஒரு வழி இருந்துச்சு. யாரும் இல்லாதப்ப மட்டும் செய்வான். சுத்தித் தலையக் கழட்டிட்டு, மரப்புடிய மட்டும் இரும்புல ஊணி, மறுமுனையப் பல்லால கவ்விக்குவான். ஆட்டம் எங்க இருந்தாலும் பல்லுல வந்து சொல்லிடும். ஆனா நிக்கிற வண்டி பேசாது, ஓடணும். அதுவும் மொதலாளி கண்ணு முன்னாடி.

"கிளியனூர் பக்கமா ஓட்டு கண்ணையா, பள்ளமாப் பாத்து வுடு"ன்னு சொல்லிட்டு, பின்னால ஏறி, தரைப் பலகைய எடுத்துட்டுக் குப்புறப் படுத்தான்.

எடது பக்கச் சட்டத்துல புடிய ஊணுனான். பல்லு சும்மா கெடந்துச்சு. வலது பக்கம், பின்னாடி ஊணுனான். மொதப் பள்ளத்துலயே மண்டை அதிர்ந்து போச்சு.

"டேய், இன்னாடா கட்டையக் கடிக்கிற? சவுரி! டேய் சவுரி!" மொதலாளி கத்துறாரு. இவன் திரும்பவே இல்ல. அவரு கண்ணையனப் பாத்தாரு. கண்ணையன் ரோட்டப் பாத்தான்.

வண்டி நின்னதும் சவுரிராயன் தலையத் தூக்குனான். விசயம் தெரிஞ்சி போச்சுன்னு ரெண்டு மூஞ்சியும் சொல்லிடுச்சு.

"காது போச்சுங்க மொதலாளி. ஷெட்டுலயே போச்சு."

"அப்ப ஏழு வருசமா நான் யார்கிட்டடா பேசிக்கினு இருந்தேன்?"

"எதிர்ல நின்னு பேசுனதெல்லாம் தெரிஞ்சுதுங்க. பின்னால நின்னு திட்டுனதுதான் தெரியலிங்க."

கண்ணையன் குபீர்னு சிரிச்சிட்டான். வேங்கடேசன் சிரிப்ப அடக்கிக்கினு, "மொதல்ல வண்டிய சரி பண்ணு, ஜல்தி"ன்னாரு.

கொட்டாய்க்கு வந்து வலது பின்பக்கத்தத் தூக்கி, ஸ்பிரிங்கக் கோத்திருந்த இரும்பு ஆணியக் கழட்டுனா, தகரம் நசுங்கிப் பொடிப்பொடியாக் கொட்டுது. புஷ்ஷு ஓட்டையில உருளுது. சவுரிராயன் வீட்டுக்கு ஓடி ஓட்டை விழுந்த பித்தளைச் செம்ப எடுத்தான்.

"பத்த வச்சித் தரேன் பத்த வச்சித் தரேன்னு ரெண்டு மாசமா சொன்னியே, அது இதானாய்யா?" ஜெயம் கேட்டா. அவன் மூஞ்சியத் திருப்பிக்கினான்.

செம்ப நாடாவா வெட்டி, புஷ்ஷச் சுத்தி, அளவு பாத்து ராவி, தட்டி எறக்குனான். இப்ப கையால அசைக்க முடியல. மறுபடியும் அதே கிளியனூர் ரோடு, அதே பள்ளம், அதே கட்டை. பல்லு சும்மா கெடந்துச்சு. வேங்கடேசன் காதத் தீட்டிக்கினு வந்தாரு. சத்தமே வரல. எறங்கி நேரா மண்டிக்குப் போயிட்டாரு. லாரி இனிமே வருமா வராதான்னு தெரியல.

நாலு நாள் சவுரிராயன் ரோட்டப் பாத்துக்கினே உக்காந்திருந்தான்.

அஞ்சாம் நாளு லாரி வந்து நின்னுச்சு. வேங்கடேசன் எறங்கி, அவன் காதுகிட்ட வாய வச்சி, ஊருக்கே கேக்குற மாரி கத்துனாரு.

"கத்தாதீங்க மொதலாளி. மூஞ்சியக் காட்டுங்க, போதும்."

அவரு சுத்தி வந்து எதிர்ல நின்னாரு. "லாரில எங்கியோ சத்தம் வருது"ன்னாரு, நெதானமா. "எந்தப் பக்கம்னு நான் சொல்ல மாட்டேன். நீயே கடிச்சிப் பாரு."