அம்மாச்சி விழுங்கக் கற்றுக்கொண்ட மாதங்கள்

முதலில் தெரிந்தது இருமல்தான். ஞாயிறு ஆராதனையில் இரண்டாவது பாட்டின் நடுவே அம்மாச்சி நிறுத்திவிட்டுத் தண்ணீர் கேட்டார். ஃபிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தேன். பாதித் தண்ணீர் இடது வாயோரமாக வழிந்து சேலையில் விழுந்தது. மீதி இருமலாக வெளியே வந்தது.

என்ன செய்கிறது என்று கேட்டேன். ஒன்றுமில்லை மக்ளே என்றார். அந்த 'மக்ளே' குழைந்து வந்தது. போதகர் பிரசங்கம் தொடங்குவதற்குள் நாங்கள் ஆட்டோவில் இருந்தோம்.

பக்கவாதம் (மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் போவது தடைப்படுவது) என்றார்கள். சீக்கிரம் வந்ததால் மருந்து கொடுக்க முடிந்தது. சில நாட்களில் கையும் காலும் திரும்பின. பேச்சும் பெரும்பாலும் திரும்பியது. தொண்டை மட்டும் திரும்பவில்லை.

அம்மாச்சியின் பெயர் ஞானபாய். என் அம்மாவின் அம்மா, வயது எண்பத்தெட்டு. பாறசாலைப் பக்கம் பிறந்து, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை கிடைத்துத் திருவனந்தபுரத்துக்கு வந்தவர். நாகர்கோவிலிலிருந்து ட்ரங்க் கால் கேட்பவரிடம் தமிழிலும் கொல்லத்துக்காரரிடம் மலையாளத்திலும் ஒரே மூச்சில் பேசுவாராம். தாத்தா இளம் வயதிலேயே போய்விட்டார். என் அம்மாவைத் தனியாக வளர்த்தார். ஓணத்துக்கும் விஷுவுக்கும் மற்றவர்களின் டியூட்டியை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஞாயிறு காலைகளை வாங்கிக்கொள்வார். பாடகர் குழுவில் அவருக்கு ஆல்ட்டோ (பெண்களின் கீழ்ச்சுருதிப் பகுதி). பாட்டை இழுத்துப் பாடுகிறவர்களோடு சண்டை போடுவார். ஆராதனை முடிந்தால் பழவங்காடியில் இறங்கி எங்களுக்கு முறுக்கு வாங்கி வருவார். அவர் உடம்பு முடியாமல் படுத்து நான் பார்த்ததே இல்லை.

விழுங்கல் கோளாறு (உணவு, உணவுக்குழாய்க்குப் பதில் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும் நிலை) பற்றி அதுவரை நான் கேள்விப்பட்டதில்லை. உங்கள் வீட்டிலும் யாருக்காவது இது வந்திருந்தால், இருமல் வராதபோதும் அஞ்ச வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிலருக்கு உள்ளே இறங்குவது உணர்விலேயே தெரியாது. நுரையீரலில் சளி கட்டிய பிறகுதான் தெரியவரும்.

மூக்குவழிக் குழாய் (மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு கொண்டுபோகும் மெல்லிய குழாய்) போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் வேலை செய்யும் கம்பெனியில் வீட்டிலிருந்தே செய்ய அனுமதி கேட்டேன். கட்டிலருகே மேசை போட்டுக்கொண்டேன். மீட்டிங்கில் யாரோ பேசிக்கொண்டிருக்க, என் காது அம்மாச்சியின் மூச்சில் இருக்கும். சிறிது கரகரத்தாலும் எழுந்து ஓடுவேன்.

விழுங்கல் பயிற்சி கொடுக்க ஷீபா என்பவர் வந்தார். மலையாளத்தில் பேசுவார், தமிழ் நன்றாகப் புரியும். அவர் சொன்னது எளிது. நிமிர்ந்து உட்கார வேண்டும். தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்த வேண்டும். சின்னக் கரண்டியில் கூழ்போலக் கெட்டியான உணவு, ஒரு வாய்க்கு இரண்டு முறை விழுங்க வேண்டும். பிறகு 'ஆ' என்று சொல்ல வேண்டும். குரல் தெளிவாக வந்தால் தொண்டை காலி. கொழகொழத்தால் இன்னும் அங்கேயே நிற்கிறது, அடுத்த வாய் கொடுக்கக்கூடாது.

வேகவைத்து மசித்த ஏத்தம்பழத்தில் (நேந்திரன் வாழைப்பழம்) தொடங்கினோம். எக்ஸ்சேஞ்சில் ஆயிரம் பேரை இணைத்துவிட்ட குரல் 'ஆ', 'ஆ' என்று எனக்குப் பரீட்சை எழுதியது. சில நாள் தெளிவாக வரும். சில நாள் முதல் வாயிலேயே கொழகொழக்கும், கரண்டியைக் கீழே வைத்துவிடுவேன். அப்போது அவர் என் முகத்தைப் பார்க்கமாட்டார்.

மழை தொடங்கியபோது காய்ச்சல் வந்தது. நிமோனியா (நுரையீரல் தொற்று) என்று மறுபடி சேர்த்தார்கள். அது சரியாகிவரும் நேரத்தில் டாக்டர் அம்மாவையும் என்னையும் அழைத்தார். மூக்குக் குழாயை நீண்ட காலம் வைத்திருக்க முடியாது. வயிற்றுவழிக் குழாய் (வயிற்றில் சிறு துளை போட்டு நேரடியாக உணவு செலுத்துவது) வைக்கலாம். வாய் வழியாகவே கொடுப்பதானால் அபாயத்தை ஏற்றுக்கொண்டு கொடுக்க வேண்டும். குழாய் வைத்தாலும் எச்சில் தவறி இறங்குவதைத் தடுக்க முடியாது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அம்மா குழாய் வேண்டும் என்றாள். தொண்டையில் சிக்கித் தன் கண் முன்னால் ஏதாவது ஆகிவிட்டால் தாங்கமாட்டேன் என்றாள். நானும் உள்ளூர அதையே விரும்பினேன். குழாய் என்றால் பொறுப்பு என் கரண்டியில் இருக்காது.

டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, நோயாளியிடம் கேட்டீர்களா என்றார். கேட்கவில்லை.

கட்டிலருகே உட்கார்ந்து கேட்டபோது அம்மாச்சி அம்மாவிடம் சொன்னார். "மூக்குல ஊத்துற கஞ்சிக்கு உப்பு உண்டா இல்லியான்னு எனக்கு எப்பிடித் தெரியும் மக்ளே? வாயால முடியுற மட்டும் வாயால தா. முடியாட்டா மதி. நீ பேடிக்காண்டாம்."

மதி என்றால் போதும். பேடிக்காண்டாம் என்றால் பயப்பட வேண்டாம். இரண்டுமே எங்கள் வீட்டில் தினமும் புழங்கும் சொற்கள்தான். அம்மா எழுந்து வராந்தாவுக்குப் போய் நின்றாள். சற்று நேரம் கழித்து வந்து, சரி என்று டாக்டரிடம் சொன்னாள்.

மூக்குக் குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் அம்மாச்சி கேட்டது சாப்பாடு இல்லை, திருவிருந்து (ஆராதனையில் அப்பமும் திராட்சரசமும் பெறுவது). பயம் எனக்கு வேறு வடிவில் வந்தது. அப்பம் உதிரும். திராட்சரசம் தண்ணீர்போல ஓடும். இரண்டுமே ஆகாதவை. ஷீபாவுக்குப் போன் செய்தேன். அப்பத்தை ரசத்தில் நன்றாக ஊறவைத்து, குழைந்த பிறகு கரண்டியில் கொடுக்கச் சொன்னார். அவர் குரலிலும் தயக்கம் இருந்தது.

போதகர் ஒரு சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்தார். இளைஞர், இப்படிக் கொடுத்துப் பழக்கமில்லை. ஜெபித்துவிட்டு, ஊறிய துணுக்கைக் கரண்டியில் எடுத்தவர் என்னைப் பார்த்தார். நான் அம்மாச்சியின் தாடையைத் தொட்டுத் தாழ்த்தினேன்.

அம்மாச்சி வாங்கிக்கொண்டார். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. நின்றது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுபடி ஏறி இறங்கியது.

"ஆ சொல்லுங்க அம்மாச்சி" என்றேன்.

"ஆமென்" என்றார். குரல் துலக்கமாக இருந்தது.

அதன்பின் ஏறக்குறைய ஆறு மாதம் வாயால் சாப்பிட்டார். கெட்டியான பால், குழைத்த இடியாப்பம், மீன்குழம்பில் மசித்த கப்பை (மரவள்ளிக்கிழங்கு). ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில்தான் எக்ஸ்சேஞ்சுக் கதைகளைச் சொன்னார், ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில். பேசிக்கொண்டே விழுங்கக்கூடாது என்பதால் கதைகள் பாதியில் நிற்கும். விழுங்கி, 'ஆ' சொல்லி, பிறகு தொடரும்.

மார்கழியில் மீண்டும் காய்ச்சல் வந்தது. இம்முறை மருந்து பிடிக்கவில்லை. ஒரு மதியம், அம்மா கையைப் பிடித்திருக்க, மூச்சு மெல்ல மெல்ல இடைவெளி விட்டு நின்றது.

நான் கொடுத்த ஏதோ ஒரு வாய்தான் காரணமா என்று டாக்டரிடம் கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது, எச்சிலாகவும் இருக்கலாம் என்றார். அந்தப் பதிலோடு வாழப் பழகிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வேறு முடிவு எடுத்தாலும் இதே கேள்வி உங்களுக்கும் வரும்.

இப்போது ஆபீஸ் கேன்டீனில் எல்லோரும் கை கழுவி எழுந்த பிறகும் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். முன்பு போனைப் பார்த்தபடி ஐந்து நிமிடத்தில் முடிப்பவள். இப்போது உணவு நாக்கைத் தாண்டி, தொண்டையின் அந்தத் திருப்பத்தில் வழி தேர்ந்துகொண்டு இறங்குவது எனக்குத் தெரிகிறது. இறங்கிய பிறகுதான் அடுத்த வாய்க்குக் கை போகிறது.