அப்பாவின் காரில் பாட்டு வைத்தது

சீசன் தொடங்கிச் சாரல் இறங்கிய பிறகும் அப்பாவின் கார் ஸ்டாண்டிலேயே நின்றது. வெள்ளை அம்பாசிடர், வயதில் எனக்கு மூத்தது. தென்காசி ரயில்வே ஸ்டேஷனுக்கு வெளியே வாடகை வண்டிகள் வரிசையாக நிற்கும். சென்னை ரயில் வந்ததும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற குடும்பங்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும். பழைய கார் என்று ஆசைப்பட்டே அப்பாவின் வண்டியில் ஏறியவர்கள் முன்பு நிறையப் பேர். அடுத்த வருஷம் வரும்போதும் அவரையே போன் போட்டுக் கூப்பிடுவார்கள். கொஞ்ச காலமாக அப்படி யாரும் கூப்பிடுவதில்லை. சீசன் வண்டிக்காரருக்கு வாடிக்கை போய்விட்டால் பிழைப்பு ஓடாது.

ஏன் இப்படி என்று ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களிடம் விசாரித்தேன். எல்லாரும் அப்பாவுக்கு இளையவர்கள். தயங்கித் தயங்கித்தான் சொன்னார்கள். அண்ணாச்சி வண்டியில் பாட்டும் கிடையாது, பேச்சும் கிடையாது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதில்லை, திமிர் பிடித்த டிரைவர் என்று ஏறியவர்கள் குறைப்படுகிறார்களாம். பேச்சுக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. அப்பாவின் சுபாவம் அது என்பது எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். பாட்டுக்கு வழி பண்ணலாம் என்று தோன்றியது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்துக் கல்லூரிக்கும் போன முதல் ஆள் நான். ஆலங்குளத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். படித்த படிப்பு என்றைக்காவது வீட்டுக்கு உபயோகப்பட வேண்டும் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. போர்டில் ஒலி அலைகளை வரைந்து காட்டுகிறவனுக்கு ஒரு காருக்குள் நல்லபடியாகப் பாட்டு வைக்கத் தெரியாதா?

என்னோடு படித்த நண்பன் கடையநல்லூர் போகிற ரோட்டில் வண்டிகளுக்குப் பாட்டு செட் கட்டுகிற கடை வைத்திருக்கிறான். கல்யாணக் கார், கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊர் சுற்றுகிற வண்டி, தேர்தல் பிரச்சார வண்டி எல்லாவற்றுக்கும் செட் கட்டுவது அவன்தான். அம்பாசிடரின் பின்கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டுப் பார்த்தவன், "லே, இது காரா, கல்யாண மண்டபமா? பந்தியே போடலாம் போலிருக்கு" என்றான்.

அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தகரத்தில் ஓட்டை விழக் கூடாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் வேலை இழுத்தது. டேஷ்போர்டுக்குக் கீழே மரத்தில் ஒரு சின்னப் பெட்டி செய்து அதற்குள் செட்டை வைத்தோம். கதவு ஒவ்வொன்றுக்கும் பிளைவுட் பலகை அறுத்து, சீட்டுக்குப் போட்டிருந்த அதே நிற ரெக்சினை ஒட்டி, அதில் ஸ்பீக்கரைப் பதித்தோம். முதல் தடவை பாட்டைப் போட்டதும் ஜன்னல் கண்ணாடியிலிருந்து டிக்கி மூடிவரை சகலமும் கிடுகிடுவென்று ஆடின. பாட்டை விட வண்டிதான் அதிகமாகப் பாடுகிறது என்று நண்பன் தலையில் அடித்துக்கொண்டான். ஆடுகிற இடத்தையெல்லாம் விரலால் அழுத்திக் கண்டுபிடித்து, கம்பளித் துண்டுகளைச் செருகினேன். கடைசியில் வண்டி வாயை மூடியது, பாட்டு மட்டும் கேட்டது. எனக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை.

இடப்பக்க ஸ்பீக்கரையும் வலப்பக்க ஸ்பீக்கரையும் சமன் செய்வது மட்டும் பாக்கி. அப்பா ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தார். நான் இடது கதவுக்கு வெளியே நின்றேன். நண்பன் பின்சீட்டில் இருந்து போனில் சத்தத்தை முழுக்க இடப்பக்கம் தள்ளிவிட்டு, "மாமா, எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

அப்பா நேரே பார்த்தபடி காத்திருந்தார். பிறகு, "ஏம்லே நிப்பாட்டிட்ட, போடு" என்றார்.

என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்பீக்கரில் தவில் ஒலித்துக்கொண்டிருந்தது. கதவுப் பலகை அதிர்வது காலில் தெரிந்தது. நண்பன் சத்தத்தை வலப்பக்கம் மாற்றினான். உடனே அப்பாவின் விரல்கள் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டன. "ஆங், இப்ப பாடுது."

நண்பன் மறுபடி இடப்பக்கம் மாற்றினான். விரல்கள் நின்றன. கண்ணாடி வழியாக அவன் என்னைப் பார்த்தான். எதற்கெடுத்தாலும் ஒரு நக்கல் வைத்திருக்கிறவன், அன்றைக்கு, "வயரு லூசு மாமா, சரி பண்ணிருதேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு சீட்டுக்குக் கீழே குனிந்துகொண்டான். வயரில் ஒன்றுமில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

வீட்டில் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்பாவுக்கு இடது காது கேட்கவில்லையா என்று மெதுவாகக் கேட்டேன். இப்போதுதான் தெரிகிறதா உனக்கு என்பது போல ஒரு பார்வை பார்த்தாள். நான் பள்ளியில் படித்த காலத்திலிருந்தே அவளுக்குத் தெரியும். அவர் தனியாகத் திருநெல்வேலிக்குப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டும் வந்திருக்கிறார். இடது காதில் நரம்பு போய்விட்டது, இனித் திரும்பாது, இப்போது வலதும் மந்தமாகிக்கொண்டு வருகிறது, மெஷின் மாட்டிப் பார்க்கலாம் என்றாராம் டாக்டர். மெஷின் மாட்டினால் வெளியே தெரியுமே என்று அப்பா வேண்டாமென்று வந்துவிட்டார். கோயிலுக்குப் போனாலும் கல்யாண வீட்டுக்குப் போனாலும் அம்மா அவருக்கு வலப்பக்கமாகவே நடப்பாள். அது ஏதோ சம்பிரதாயம் என்று நான் நினைத்திருந்தேன்.

"ஸ்டாண்டுல தெரிஞ்சா செவிட்டு டிரைவர்னு பேரு வந்துரும். பொறவு எவன் ஏறுவான்?" என்றாள் அம்மா. "சாவியக் குடுத்துட்டு வீட்டுல இருங்கன்னா இருக்கற ஆளாலே அவரு?"

கீரைக் காம்புகளைப் பார்த்தபடி நான் உட்கார்ந்திருந்தேன். பத்தாவது ரிசல்ட் வந்த அன்று அப்பாவின் காரில்தான் ஏறிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். முன்சீட்டில், அவருக்கு இடப்பக்கம். பள்ளிக்கூடத்திலேயே நான்தான் முதல் என்று சொன்னேன். "ம்ம்" என்றார். அந்த ஒரு "ம்ம்" எத்தனையோ வருஷமாக எனக்குள் கிடந்தது. படிப்பின் அருமை அப்பாவுக்குத் தெரியாது என்று நண்பர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். வண்டி இரைச்சலில் நான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்கவே இல்லை.

மறுநாள் பள்ளி விட்டதும் ஆலங்குளத்தில் பஸ் பிடித்து நேராக நண்பன் கடைக்குப் போனேன். வயர் சரி பண்ண என்று வண்டியை அங்கேயே விட்டிருந்தோம். பின்சீட்டில் பேசுவதை ஒரு மைக்கில் பிடித்து, அப்பாவின் வலது காதுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கரில் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். பிரச்சார வண்டிக்குப் போடுகிற மைக் அவனிடம் பெட்டி நிறைய இருந்தது. ஆனால் ஒரே வண்டிக்குள் மைக்கும் ஸ்பீக்கரும் இருந்தால் ஊளையிடுமே என்றான். ஊளையிடத்தான் செய்தது. முதல் தடவை அது போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். மைக்கைத் தள்ளி வைத்து, திருப்பி வைத்து, கடைசியில் பின்சீட்டுக்குப் பின்னால் கண்ணாடியை ஒட்டியிருக்கும் பலகையின் நடுவில் சீட்டைப் பார்த்தாற்போல் பொருத்தியதும் ஊளை அடங்கியது. ஸ்பீக்கரை டிரைவர் ஜன்னலுக்கு மேலே, காதுக்கு ஒரு சாண் தள்ளி வைத்தோம்.

அப்பா கேட்டால் என்ன சொல்வது? வருகிற பார்ட்டிகள் பாடுவதற்கு மைக் என்று சொல்வதாக நண்பனும் நானும் பேசிவைத்திருந்தோம். அப்படியே சொன்னோம். அப்பா மைக்கைப் பார்த்தார். தன் வலது காதுக்கு நேரே இருந்த ஸ்பீக்கரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "வைங்கலே" என்றார்.

அம்மாவைப் பின்சீட்டில் உட்காரவைத்து வண்டியை ஓடவிட்டோம். அவரோடு பேசிப் பேசி அம்மாவின் குரல் எப்போதோ உயர்ந்துபோயிருந்தது. வழக்கம் போல, "ஏங்க, கேக்குதா?" என்றாள்.

"ஏன் கத்துத? மெதுவாப் பேசு" என்றார் அப்பா. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு இலஞ்சி போய்த் திரும்பும்வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஏறியது. கணவன், மனைவி, ஒரு பையன், ஒரு பெண். நால்வரும் பின்சீட்டில் உட்கார்ந்தார்கள். செட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் முன்னால் ஏறிக்கொண்டேன். போகும்போது எல்லாம் அருமையாக நடந்தது. கூட்டம் எப்படி, எந்த அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது, எங்கே சாப்பிடலாம் என்று அவர்கள் கேட்கக் கேட்க அப்பா பதில் சொன்னார். ஐந்தருவியில் எண்ணெய் தேய்க்கிறவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்றுகூடச் சொல்லிக் கொடுத்தார். அப்பாவுக்கு இவ்வளவு பேச வரும் என்பது எனக்கே செய்திதான்.

குளித்துவிட்டு வந்தவர்கள் குற்றாலத்தில் எல்லாரும் செய்வதையே செய்தார்கள். ஈரத் துண்டுகளைப் பிழிந்து, பின்கண்ணாடியை ஒட்டிய பலகையில் வரிசையாக விரித்தார்கள். சீசனில் எந்தக் காரைப் பார்த்தாலும் அங்கே துண்டு காயும். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். மைக்கைக் கொண்டுபோய் அங்கே வைத்தபோது எனக்கோ நண்பனுக்கோ அது தோன்றவில்லை.

பழைய குற்றாலம் போகிற வளைவில், பையனுக்கு வாந்தி வருகிறது, வண்டியை நிறுத்துங்கள் என்று அந்த அம்மா சொன்னார். எல்லாம் மைக் வழியாக அப்பாவுக்குப் போகும் என்று நான் பேசாமல் இருந்தேன். அப்பா ஓட்டிக்கொண்டே இருந்தார். அந்த அம்மா இன்னொரு தடவை சொன்னதும்தான் திரும்பிப் பார்த்தேன். மைக்கை மூடிக் கிடந்த துண்டு தெரிந்தது. அப்பாவின் தோளைத் தொட்டேன். வண்டி ஓரமாக நின்றது. பையன் கதவைத் திறந்து இறங்குவதற்குள் பாதி வாந்தி படியிலேயே போய்விட்டது.

பையனின் அப்பா இறங்கி வந்தார். "எத்தனை தடவ சொல்றது? காது கேக்காதா உங்களுக்கு?"

நான் வாயைத் திறந்தேன். ஸ்பீக்கர் கோளாறு என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அப்பா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"கேக்காது சார். இடது காது சுத்தமாக் கேக்காது. வலது காதுலதான் வண்டி ஓட்டுதேன். பின்னால பேசுறது கேக்கணும்னு எம் மவன் அங்கன ஒரு மைக் வச்சிருக்கான். நீங்க அது மேல துண்டப் போட்டுட்டிய. அத எடுத்துட்டா நீங்க மூச்சு விட்டாக்கூட எனக்குக் கேக்கும்."

சாரல் விழுந்துகொண்டிருந்தது. அந்த மனிதர் பலகையைப் பார்த்தார். "சாரிங்க" என்று சொல்லிவிட்டு அவரே துண்டுகளை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அப்பா பாட்டிலில் இருந்த தண்ணீரை ஊற்றிப் படியைக் கழுவினார். பையனுக்கு முகம் கழுவிவிட்டு, இப்போது தேவலையா என்று கேட்டார். பையனுக்கு வாந்தி மறந்துபோய், மைக் எங்கே என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. ரயில்வே ஸ்டேஷனில் அறிவிப்பது போல அவன் அந்த மைக்கில் அறிவித்துக்கொண்டே வந்தான். ஒவ்வொன்றுக்கும் அப்பா, "சரிங்க ஸ்டேஷன் மாஸ்டர்" என்றார்.

திரும்பி வந்து அவர்களை இறக்கிவிட்ட பிறகு அப்பா வண்டியை விட்டு இறங்கவில்லை. ஸ்டாண்டிலிருந்த டிரைவர்களைக் கைதட்டிக் கூப்பிட்டு, ஒரு காது போய்விட்டது என்பதையும் மகன் செய்து வைத்ததையும் அவராகவே சொன்னார். பிறகு ஒவ்வொருவராகப் பின்சீட்டில் ஏறிச் சோதித்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். அண்ணாச்சி கஞ்சன் என்று ஒருவர் முணுமுணுத்தார். "ஒனக்கு வாங்கிக் குடுத்த டீயெல்லாம் என்னாச்சுலே" என்று பதில் வந்தது. கடைசியாக ஏறியவர் வாயை மைக்குக்குக் கிட்டே கொண்டுபோய், ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலில், "அண்ணாச்சி, இதே மாரி என் வண்டிக்கும் ஒண்ணு வச்சித் தருவானா ஒங்க மவன்? எம் பொண்டாட்டி சொல்லுதது ஒண்ணும் எனக்குக் கேக்க மாட்டேங்கு" என்றார்.

அப்பா திரும்பவே இல்லை. "ஒனக்குக் காது நல்லாத்தாம்லே இருக்கு. எறங்கு, திருநெல்வேலி ரயில் வந்துட்டு" என்று சொல்லி வண்டியைத் துடைக்கத் துணியை எடுத்தார்.