நீல வெளிச்சம் எட்டாத ஆழம்

எண்பதுகளின் நடுவில் நான் பல் டாக்டராகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மாதம் ஒரு சந்தை நாளில் மலைமேல் ஜமுனாமரத்தூரில் ஒரு பள்ளிக்கூட அறையில் முகாம் போடுவோம். அந்த மாதம் பெட்டியில் புதிதாக ஒரு விளக்கு இருந்தது. துப்பாக்கி மாதிரி பிடித்து விசையை அழுத்தினால் முனையில் நீல வெளிச்சம் வரும். பல் நிறத்துப் பசையைக் குழியில் வைத்து அதைக் காட்டினால் பசை கல்லாக இறுகிவிடும். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அன்று வந்தவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். சந்தையில் சாமையும் தேனும் விற்பவள். சிரித்தால் தெரிகிற மேல் பல்லில் ஆழமான சொத்தை. கையால் வாயை மூடிக்கொண்டே பேசினாள்.

“வாய மூடிக்கினு வெல சொன்னா பொய் சொல்றேன்னு நெனைக்கிறாங்க சார். கறுப்பா அடைக்காதீங்க. பல்லு மாதிரியே அடைச்சி வுடுங்க.”

வெற்றிலை போட்டுப் பழுப்பேறிய பல். பசைகளிலேயே அடர்ந்த நிறத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது. என் கண்ணை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த வெளிச்சம் பசைக்குள் வெகுதூரம் போகாது. போகப்போகச் சிதறி மங்கிவிடும். நெல்மணி கனத்துக்குக் கொஞ்சம் வைத்து, வெளிச்சம் காட்டி, அதன்மேல் மறுபடி கொஞ்சம் வைக்க வேண்டும். நிறம் அடர்த்தியானால் வெளிச்சத்தை அதுவே குடித்துவிடும். இன்னும் மெல்லிசாக வைத்து, இன்னும் அதிக நேரம் காட்ட வேண்டும். இதெல்லாம் பெட்டியோடு வந்த தாளில் இருந்தது. நான் படித்துமிருந்தேன்.

ஆனால் வாசலில் பதினோரு பேர் நின்றார்கள். ஜெனரேட்டரில் பெட்ரோல் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. நாலு மணி பஸ்ஸை விட்டால் மலையிலேயே தங்க வேண்டியதுதான். குழி முழுக்க ஒரே உருண்டையாக அடைத்து, இருபது நொடி வெளிச்சம் காட்டினேன். ஊசியால் தட்டிப் பார்த்தேன். டிக்கென்றது.

கண்ணாடியை வாங்கி அவள் வெகுநேரம் பார்த்தாள். “எது சொத்தப் பல்லுன்னே தெரியல சார்,” என்று கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தச் சிரிப்பை என் சாதனையாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஐந்தாவது மாதம் வந்தாள். கன்னம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. பல் ஆடியது, ஈறோரம் சீழ். காப்பாற்ற வழியில்லை. பிடுங்கித் தட்டில் போட்டேன். அடைப்பின் மேல்மூடி பெயர்ந்து உருண்டது. அது கல். அதன் கீழே ஊசி சதக்கென்று இறங்கியது. மேலே சிவந்து உள்ளே மாவாக இருக்கிற போண்டா மாதிரி, நான் வைத்த பசை வைத்தபடியே இருந்தது. வேகாத அந்தப் பசையும் அதன் ஓரமாக இறங்கிய எச்சிலும் ஐந்து மாதமாகப் பல்லின் உயிரைத் தின்றிருக்கின்றன.

தட்டைத் துணியால் மூடினேன்.

பஞ்சைக் கடித்தபடியே அவள் சொன்னாள்: “தப்பு என்னுதுதான் சார். புளியங்கொட்டைய வறுத்து கடிச்சிட்டேன். சாரு அவ்ளோ அழகா செஞ்சி குடுத்தத கெடுத்துட்டியேன்னு வூட்ல எல்லாரும் ஏசறாங்க. கோச்சிக்காதீங்க.”

அவள் கடித்ததற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் போதும்.

“இனிமே கெட்டியா எதையும் கடிக்காதீங்கம்மா,” என்றேன்.

அடுத்த மாதம் பஸ்ஸுக்குப் போகும் வழியில் சந்தையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்து நின்றாள். தேன் என்ன விலை என்று கேட்டேன். கையால் வாயை மூடிக்கொண்டு சொன்னாள்.