மரியநாயகத்தின் பெயர் வைத்த பூச்சி

ஹாலிஎலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் மரியநாயகம் இருபத்தெட்டு வருஷம் மருந்தடித்தார். தேயிலைத் துளிரைக் குத்திச் சாறு குடித்துக் கருகவைக்கும் பூச்சியைக் கொல்வதுதான் அவருக்குச் சோறு போட்ட வேலை. கடைசியில் அந்தப் பூச்சிக்கே அவர் பெயரை வைத்தார்கள். கொன்றவருக்கு இப்படியொரு மரியாதை வேறெந்த உத்தியோகத்திலும் கிடைக்காது.

பல்கலைக்கழகத்திலிருந்து வந்த முஷ்ரிபா மிஸ் கேட்டுக்கொண்டதால், ஆறு மாதம் பூச்சி பிடித்து ஸ்பிரிட்டில் போட்டுக் கொடுத்தார். கறுப்பு ஒரு போத்தலில், வெளிர்பச்சை இன்னொரு போத்தலில். பச்சை ஏற்கெனவே பெயருள்ள இனம். கறுப்பு புது இனம் என்று முடிவுகட்டிய மிஸ், அதற்கு 'மரியநாயகமி' என்று பெயரிட்டார். கறுப்பில் பெண் அகப்படவில்லை, பச்சையில் ஆண் அகப்படவில்லை என்பதையும் தன் ஆய்வுக் கட்டுரையில் நேர்மையாக எழுதியிருந்தார். ஏன் அகப்படவில்லை என்று மட்டும் யோசிக்கவில்லை.

தன் பெயர் அச்சான பக்கத்துக்குக் கண்ணாடி போட்டு மாதா படத்தின் பக்கத்தில் மாட்டினார் மரியநாயகம். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் அதுவரை இலக்கம் சொல்லிக் கூப்பிட்ட கணக்கப்பிள்ளைகூட அவரைப் பெயர் சொல்லி அழைத்தார். மனைவி றோசாலிதான் மசியவில்லை.

"கொழுந்தக் கெடுக்கிற பூச்சிக்கு ஒங்க பேரு. இதுல பெரும வேறயா?"

பெருமைதான். சந்தேகமே இல்லை.

ஒன்பது வருஷம் கழித்து ஷிபான் என்ற ஆய்வாளர் அவருடைய லயத்து வீட்டுக்கு வந்தார். அந்தப் பூச்சிக் குடும்பத்தில் எது தனி இனம், எது இல்லை என்று முதலிலிருந்து சரிபார்க்கிறாராம். தேத்தண்ணி குடித்துக்கொண்டே கேட்டார்.

"ஐயா, கறுப்பும் பச்சையும் சோடி சேந்து எப்பயாவது கண்டிருக்கீங்களா? கண்டிருந்தா ரெண்டும் ஒரே இனம். பச்சையோட பேருதான் மூத்தது. ஒங்க பேர எடுத்துருவோம்."

இல்லை என்று மரியநாயகம் ஒரு சொல் சொன்னால் போதும், பெயர் தங்கிவிடும். கதவருகில் நின்ற றோசாலி, சொல்லாதீங்க என்று கண்ணைக் காட்டினாள். இத்தனை வருஷம் கேலி செய்தவளுக்கும் அந்தப் பெயர் போவது பொறுக்கவில்லை.

"கண்டிருக்கேன் சேர். காலையில போனா பாதிக்குப் பாதி சோடிதான். நான்தான் பிரிச்சுப் பிரிச்சுப் போட்டேன்."

ஷிபான் கோப்பையைக் கீழே வைத்தார். "ஏன் ஐயா?"

மரியநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கியது பெயருக்காக, தலை குனிந்தது வெட்கத்தில்.

"மிஸ்ஸு அப்ப கல்யாணம் ஆகாத புள்ளைங்க சேர். அந்தக் கோலத்துல கொண்டுபோயி எப்பிடிக் கையில குடுக்கிறது?"